அமெரிக்காவை முதன்முதலில் கடந்த கார்ப் பயணம் (1903)

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குக் கரையில் இருந்து கிழக்குக் கரை வரை மோட்டார் காரில் முதன்முதலில் பயணம் செய்து முடித்தவர் ஹொரேஷியோ நெல்சன் ஜாக்சன். மே 23, 1903 அன்று சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய பயணம் ஜூலை 26, 1903 அன்று நியூயார்க்கில் முடிந்தது. ஜாக்சனுடன் பயணம் செய்தவர் சூவல் க்ராக்கர் என்னும் இயந்திரப் பணியாளர். வழியில் ஐடஹோ மாநிலத்தில் இவர்களுடன் பட் என்ற புல்டாக் நாயும் சேர்ந்துகொண்டது. காரில் அமெரிக்காவைக் கடந்த முதல் நாய் என பட் அறியப்படுகிறது.

பின்னணி

1869-ல் கண்டம் கடக்கும் ரயில் பாதை முடிவடைந்த பிறகு அமெரிக்காவின் ஒரு கரையில் இருந்து மறு கரைக்குச் சில நாட்களில் சென்றுவிட முடிந்தது. ஆனால் ரயில் பாதைக்கு வெளியே நிலை வேறாக இருந்தது. நகரங்களுக்கு இடையே செப்பனிடப்பட்ட சாலைகள் மிகக் குறைவு. மிசூரி ஆற்றுக்கு மேற்கே இருந்தவை பெரும்பாலும் குதிரை வண்டித் தடங்கள், ஆட்டு மந்தைகள் செல்லும் தடங்கள், காய்ந்துபோன ஓடைப் படுகைகள். சாலைப் பெயர்ப்பலகைகள் இல்லை. கார்களுக்கான வரைபடங்கள் இல்லை. பெட்ரோல் நிலையங்களும் இல்லை. விளக்கெரிக்கவும் துணி வெளுக்கவும் சிற்றூர்க் கடைகள் வைத்திருந்த பெட்ரோலைத்தான் வாங்க வேண்டும்.

அக்காலத்தில் கார் என்பது செல்வந்தர்களின் விளையாட்டுப் பொருளாகவே பார்க்கப்பட்டது. குதிரைகளை மிரளச் செய்யும், அடிக்கடி நின்றுபோகும், நகர எல்லையைத் தாண்டினால் பயன்படாத ஒரு பொருள் என்பது பலரின் எண்ணம். கார் தயாரிப்பாளரான அலெக்சாண்டர் விண்டன் 1901-ல் தன் நிறுவனத்தின் காரிலேயே சான் பிரான்சிஸ்கோவில் இருந்து கிழக்கு நோக்கிப் புறப்பட்டார். நெவாடா பாலைவனத்தின் மணலில் கார் புதைந்துவிட, பயணத்தைக் கைவிட்டார். காரை உருவாக்கியவரே தோற்ற பாதை என்பதால் அந்த எண்ணம் மேலும் வலுப்பெற்றது.

ஜாக்சன்

ஜாக்சன் மார்ச் 25, 1872-ல் கனடாவின் டொரண்டோ நகரில் பிறந்தார். தந்தை கிறிஸ்தவ மதகுரு. ஜாக்சன் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று வெர்மான்ட் மாநிலத்தில் மருத்துவராகப் பணியாற்றினார். காசநோய்த் தொற்றால் மருத்துவத் தொழிலை விட்டார். 1899-ல் பெர்த்தா வெல்ஸை மணந்தார். பெர்த்தாவின் குடும்பம் ‘பெயின்ஸ் செலரி காம்பவுண்ட்’ என்ற புகழ்பெற்ற மருந்தை விற்ற நிறுவனத்தின் பங்குதாரர். அந்தச் செல்வத்தால் ஜாக்சனால் செலவைப் பொருட்படுத்தாமல் பயணம் செய்ய முடிந்தது.

பந்தயம்

1903 மே மாதத்தில் ஜாக்சன் தம்பதியர் சான் பிரான்சிஸ்கோவில் தங்கியிருந்தனர். அங்கிருந்த யுனிவர்சிட்டி கிளப்பில் ஒருநாள் பேச்சு கார்களைப் பற்றித் திரும்பியது. காரில் நாட்டைக் கடக்க முடியாது என்று அங்கிருந்தவர்கள் கூறினர். 90 நாட்களுக்குள் கடக்க முடியும் என்று ஜாக்சன் 50 டாலர் பந்தயம் கட்டினார். அப்போது ஜாக்சனுக்கு வயது 31. சொந்தமாகக் கார் இல்லை. கார் ஓட்டிய அனுபவமும் குறைவு.

நான்கைந்து நாட்களில் பயணத்துக்கான ஏற்பாடுகள் முடிந்தன. 22 வயதான க்ராக்கரை ஜாக்சன் துணைக்கு அமர்த்திக்கொண்டார். க்ராக்கர் வாஷிங்டன் மாநிலத்தின் டகோமாவைச் சேர்ந்தவர், சைக்கிள் பந்தய வீரராக இருந்தவர், இயந்திரங்களைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர். விண்டன் காரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னவர் க்ராக்கர்தான். புதிய கார் கிடைக்காததால் சிறிது ஓடிய ஒரு விண்டன் காரை, அதன் புது விலையான 2,500 டாலரைவிட 500 டாலர் அதிகம் கொடுத்து ஜாக்சன் வாங்கினார். தன் மாநிலத்தின் பெயரை வைத்து அதற்கு ‘வெர்மான்ட்’ எனப் பெயரிட்டார்.

வெர்மான்ட் இரண்டு சிலிண்டர்களும் 20 குதிரைத்திறனும் கொண்ட திறந்த கார். எஞ்சின் இருக்கைக்குக் கீழே இருந்தது. பின் சக்கரங்கள் சைக்கிளைப் போலச் சங்கிலியால் இயங்கின. சுக்கான் வலப்பக்கம் இருந்தது. மேற்கூரை கிடையாது, முன்கண்ணாடியும் கிடையாது. பின்னிருக்கையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் படுக்கைப் பைகள், மழைக்கோட்டுகள், கோடரி, மண்வெட்டி, கருவிகள், எண்ணெய்க் கலன்கள், சமையல் பாத்திரங்கள், துப்பாக்கிகள், கோடாக் புகைப்படக் கருவி ஆகியவற்றை ஏற்றினர். சேற்றில் சிக்கிய காரை இழுப்பதற்காகக் கப்பியும் வடமும் கொண்ட ஒரு தொகுதியும் இருந்தது. பயணம் முழுவதிலும் அதிகம் பயன்பட்ட பொருள்களில் அது ஒன்று.

மேற்கு மாநிலங்களில்

மே 23 அன்று படகு மூலம் வளைகுடாவைக் கடந்து ஓக்லாந்தில் இருந்து புறப்பட்டனர். பெர்த்தா ரயிலில் வெர்மான்ட் திரும்பினார். ஜாக்சன் வழியெங்கும் பெர்த்தாவுக்குக் கடிதங்களும் தந்திகளும் அனுப்பிக்கொண்டிருந்தார். இப்பயணத்தைப் பற்றிய முதன்மையான சான்றுகள் அக்கடிதங்கள்தான்.

விண்டன் தோற்ற நெவாடா மணலையும் சியரா மலையின் உயரமான கணவாய்களையும் தவிர்க்க ஜாக்சன் நேர் கிழக்கே செல்லவில்லை. வடக்கே சாக்ரமெண்டோ பள்ளத்தாக்கு வழியாக ஒரிகான் மாநிலத்துக்குச் சென்று, அங்கிருந்து கிழக்கே திரும்பும் வழியைத் தேர்ந்தெடுத்தார். தொலைவு பல நூறு மைல்கள் கூடினாலும் பயணம் வெற்றி பெற்றதற்கு இந்த முடிவு ஒரு முக்கியமான காரணம்.

புறப்பட்டு 15 மைல் சென்றதும் ஒரு டயர் வெடித்தது. கையில் இருந்த ஒரே மாற்று டயர் அப்போதே செலவாகிவிட்டது. விளக்கின் வெளிச்சம் போதாததால் சாக்ரமெண்டோவில் பெரிய விளக்கு ஒன்றை வாங்கிக் காரின் முன்புறம் பொருத்தினர். மலைப்பாதையில் குலுங்கிச் சென்றபோது சமையல் பாத்திரங்கள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. எஞ்சினின் இரைச்சலில் அந்த ஓசை கேட்கவில்லை. ஓரிடத்தில் வழி கேட்டபோது ஒரு பெண் வேண்டுமென்றே தவறான பாதையைக் காட்டினார். 50 மைலுக்கு மேல் சென்ற பின் பாதை ஒரு பண்ணை வீட்டில் முடிந்தது. தன் குடும்பத்தார் இதுவரை காரைப் பார்த்ததில்லை, அவர்கள் பார்க்கட்டும் என்றே அனுப்பியதாக அந்தப் பெண் பிறகு சொன்னார்.

கலிபோர்னியாவின் வடகிழக்கு மூலையில் உள்ள அல்டூரஸ் ஊரில் டயர்கள் வரும் என்று மூன்று நாட்கள் காத்திருந்தனர். டயர்கள் வரவில்லை. தேய்ந்துபோன சக்கரங்களின் மேல் கயிற்றைச் சுற்றிக்கொண்டு புறப்பட்டனர். ஒரிகான் மாநிலத்தில் கார் நின்றுவிட, குதிரையில் வந்த மாட்டிடையர் ஒருவர் அதைப் பக்கத்துப் பண்ணைக்கு இழுத்துச் சென்றார். அங்கே எரிபொருள் முழுவதும் ஒழுகிப்போனது தெரிந்தது. க்ராக்கர் ஒரு சைக்கிளை வாடகைக்கு எடுத்து 25 மைல் தொலைவில் இருந்த பர்ன்ஸ் ஊருக்குச் சென்றார். வழியில் சைக்கிளின் டயரும் பழுதானது. நான்கு காலன் பெட்ரோலுடன் திரும்பினார். அதற்கு ஏறத்தாழ 20 டாலர் கொடுக்க வேண்டியிருந்தது.

வேல் என்ற ஊருக்கு அருகே எண்ணெய் தீர்ந்தது. ஜாக்சன் கடந்து வந்த ஊருக்கு நடந்தே சென்று எண்ணெய் வாங்கி வந்தார். வந்து பார்த்தால் கார் நின்ற இடத்தில் இருந்து சிறிது தொலைவிலேயே வேல் ஊர் இருந்தது. வரைபடம் இல்லாத நாட்டில் பயணம் செய்வதன் பொருள் இதுதான்.

பட்

ஒரு நாயைத் துணைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்ற விருப்பம் ஜாக்சனுக்குத் தொடக்கத்தில் இருந்தே இருந்தது. ஐடஹோ மாநிலத்தின் கால்ட்வெல் ஊரைவிட்டுக் கிளம்பிய பிறகு, மறந்து வைத்துவிட்ட கோட்டை எடுப்பதற்காகத் திரும்பி வந்தனர். அப்போது ஒருவர் அவர்களை நிறுத்தி, காருக்கு நல்வாய்ப்புச் சின்னமாக ஒரு நாய் வேண்டுமா என்று கேட்டார். ஜாக்சன் 15 டாலர் கொடுத்து நாயை வாங்கினார். வெளிர்நிறமான அந்த இளம் புல்டாக்தான் பட்.

மேற்கு மாநிலங்களின் உவர்மண் சமவெளியில் வெண்ணிறத் தூசி எப்போதும் எழுந்துகொண்டிருக்கும். முன்கண்ணாடி இல்லாத காரில் முன்னால் அமர்ந்த பட்டின் கண்கள் தூசியால் எரிந்து வீங்கின. ஜாக்சனும் க்ராக்கரும் அணிந்திருந்ததைப் போன்ற தூசிக் கண்ணாடியை பட்டுக்கும் அணிவித்தனர். பட் அதை விரைவிலேயே ஏற்றுக்கொண்டது. வழியில் உவர்நீரைக் குடித்து நோயுற்றுப் பின் தேறியது. சில நாட்களில் காரின் அசைவுகளுக்குப் பழகி, பாதையைக் கவனித்து, வரப்போகும் குலுக்கலுக்குத் தன் உடலை முன்னதாகவே உறுதியாக்கிக்கொள்ளப் படித்தது. மூவரில் பயணம் முழுவதும் வசைச்சொல்லே பேசாதது பட் மட்டும்தான் என்று ஜாக்சன் பிற்காலத்தில் வேடிக்கையாகக் கூறினார்.

பட் வந்த பிறகு செய்தித்தாள்களின் கவனம் கூடியது. கண்ணாடி அணிந்து காரின் முன்னிருக்கையில் அமர்ந்திருக்கும் நாயின் படத்தைப் பல ஊர்ச் செய்தியாளர்களும் விரும்பினர். அது எப்படிக் கிடைத்தது என்பதற்குச் செய்தித்தாள்கள் வெவ்வேறு கதைகளை எழுதின. திருடப்பட்ட நாய் என்றுகூட ஒரு கதை இருந்தது. ஜாக்சன் மனைவிக்கு எழுதிய கடிதமே உண்மை நிகழ்வை அறிய உதவுகிறது.

வயோமிங்கில்

பயணத்தின் கடுமையான பகுதி ஐடஹோவின் கிழக்கிலும் வயோமிங்கிலும் அமைந்தது. அவ்வாண்டு மழை மிகுதி. ஓடைகள் பெருகின, தடங்கள் சேறாயின. ஒரே நாளில் பலமுறை வடத்தை ஏதாவது ஒரு மரத்திலோ, தரையில் அடித்த முளையிலோ கட்டிக் காரை இழுத்து வெளியே எடுக்க வேண்டியிருந்தது. பெரும்பாலான பணத்தை வைத்திருந்த ஜாக்சனின் கோட்டு வழியில் எங்கோ விழுந்து தொலைந்தது. ஷையன் நகருக்குப் பணம் அனுப்பும்படி பெர்த்தாவுக்குத் தந்தி கொடுத்தார்.

வயோமிங்கின் வெட்டவெளியில் வழிதவறி 36 மணிநேரம் உணவின்றி அலைந்தனர். இறுதியில் ஒரு செம்மறியாட்டு இடையரைக் கண்டனர். அவர் சுட்ட ஆட்டிறைச்சியும் அவித்த சோளமும் கொடுத்தார். ஷையன் நகரை அடைவதற்கு முன் காரின் சக்கர பேரிங்குகள் தேய்ந்து நின்றுபோயின. க்ராக்கர் ஒரு விவசாயியிடம் பேசி, அவருடைய புல் அறுக்கும் இயந்திரத்தில் இருந்து பேரிங்குகளைக் கழற்றி வாங்கிக் காரில் பொருத்தினார். எஞ்சினின் பாகங்கள் உடைந்தபோது கிளீவ்லாண்டில் இருந்த விண்டன் தொழிற்சாலைக்குத் தந்தி கொடுத்து, மாற்றுப் பாகங்கள் ரயிலில் வரும்வரை காத்திருந்தனர்.

ரயிலுக்கு மாற்றாகக் காரை நிறுவ முயன்ற இப்பயணம் ரயிலையே சார்ந்திருந்தது. பாகங்கள், டயர்கள், பணம் எல்லாம் ரயிலிலும் தந்தியிலும் வந்தன. தந்தி அலுவலகமும் கொல்லர் பட்டறையும் ரயில் நிலையத்தை ஒட்டிய ஊர்களில்தான் இருந்தன. வயோமிங்கில் அவர்களின் பாதை பெரும்பாலும் யூனியன் பசிபிக் ரயில் பாதையை ஒட்டியே சென்றது.

கிழக்கு நோக்கி

ஜூலை 12 அன்று நெப்ராஸ்காவின் ஒமாஹாவை அடைந்தனர். அதன் பிறகு சாலைகள் மேம்பட்டன, ஊர்கள் நெருக்கமாயின. சிகாகோவிலும் கிளீவ்லாண்டிலும் மக்கள் கூடி வரவேற்றனர். நியூயார்க் மாநிலத்தில் பஃபலோவைத் தாண்டியதும் சாலையில் மறைந்திருந்த ஏதோ ஒன்றின்மீது கார் மோதியது. மூவரும் வெளியே தூக்கி எறியப்பட்டனர். எவருக்கும் பெரிய காயம் இல்லை.

ஜூலை 26 அன்று விடிவதற்கு முன் 4.30 மணிக்கு வெர்மான்ட் நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் இருந்த ஹாலண்ட் ஹவுஸ் விடுதியை அடைந்தது. மொத்தம் 63 நாட்கள், 12 மணிநேரம், 30 நிமிடங்கள். பந்தயக் கெடுவில் இன்னும் 26 நாட்கள் எஞ்சியிருந்தன. ஜாக்சனுக்கு ஆன செலவு ஏறத்தாழ 8,000 டாலர். 50 டாலர் பந்தயத் தொகையை ஜாக்சன் கடைசிவரை வாங்கவில்லை.

நியூயார்க்கில் இருந்து பர்லிங்டனில் உள்ள தன் வீட்டுக்கும் ஜாக்சன் அதே காரில் சென்றார். வீட்டுக்குச் சற்று முன் கார் நின்றது. உதவிக்கு வந்த சகோதரர்களின் கார்களும் வழியில் நின்றுபோயின. வெர்மான்டைச் சரிசெய்து அதைக்கொண்டே அவற்றை இழுத்துச் சென்றனர். வீட்டுக் கொட்டகையின் வாசலைத் தாண்டும்போது சங்கிலி அறுந்தது. முதலில் இருந்து மாற்றப்படாமல் இருந்த சில பாகங்களில் அதுவும் ஒன்று. அவ்வாண்டு அக்டோபரில் பர்லிங்டன் நகருக்குள் மணிக்கு ஆறு மைல் வேகத்துக்கு மேல் ஓட்டியதற்காக ஜாக்சனுக்கு 5 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

போட்டிப் பயணங்கள், ஐயங்கள்

ஜாக்சன் சென்றுகொண்டிருந்தபோதே வேறு இரு கார்கள் சான் பிரான்சிஸ்கோவில் இருந்து புறப்பட்டன. பக்கார்ட் நிறுவனம் டாம் ஃபெட்ச் என்ற தன் பணியாளரையும் மாரியஸ் க்ராரப் என்ற செய்தியாளரையும் ஜூன் 20 அன்று அனுப்பியது. அவர்கள் விண்டன் தோற்ற நெவாடா வழியாகவே சென்று ஆகஸ்ட் 21-ல் நியூயார்க்கை அடைந்தனர். எடுத்துக்கொண்ட காலம் ஜாக்சனைவிடச் சற்றுக் குறைவு. லெஸ்டர் விட்மன், யூஜின் ஹாமண்ட் இருவரும் சிறிய ஓல்ட்ஸ்மொபைல் காரில் ஜூலை 6-ல் புறப்பட்டு செப்டம்பர் 17-ல் நியூயார்க் வந்தனர்.

போட்டி கடுமையாக இருந்ததால் ஜாக்சனின் வெற்றி மீது ஐயங்கள் எழுப்பப்பட்டன. விண்டன் நிறுவனமே மறைமுகமாகப் பயணத்தை நடத்தியது என்றும், கார் சில இடங்களில் ரயிலில் ஏற்றப்பட்டது என்றும் பேச்சு பரவியது. அதை மெய்ப்பிப்பவர்களுக்குப் பெருந்தொகை பரிசு என்று விண்டன் நிறுவனமும் ஜாக்சனும் அறிவித்தனர். பரிசைக் கேட்டு எவரும் வரவில்லை.

அடுத்த ஆண்டே விட்மன் ஃபிராங்க்ளின் காரில் ஏறத்தாழ 33 நாட்களில் நாட்டைக் கடந்தார். 1909-ல் ஆலிஸ் ராம்சே நியூயார்க்கில் இருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு 59 நாட்களில் கார் ஓட்டிச் சென்று நாட்டைக் கடந்த முதல் பெண் ஓட்டுநர் ஆனார்.

சாலைகள்

கார்கள் வேகமாக மேம்பட்டன, சாலைகள் மேம்படவில்லை. நியூயார்க்கையும் சான் பிரான்சிஸ்கோவையும் இணைக்கும் லிங்கன் நெடுஞ்சாலைத் திட்டம் 1913-ல் அறிவிக்கப்பட்டது. 1919-ல் அமெரிக்க ராணுவ வண்டிகளின் அணி ஒன்று வாஷிங்டனில் இருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குச் சென்றது. அதற்கு 62 நாட்கள் ஆயின. 16 ஆண்டுகளுக்கு முன் ஜாக்சனுக்கு ஆன காலமும் ஏறத்தாழ அதுவே. அந்த அணியில் சென்ற இளம் அதிகாரிகளில் ஒருவர் டுவைட் ஐசனோவர். அவர் குடியரசுத் தலைவராக இருந்தபோது 1956-ல் மாநிலங்களை இணைக்கும் பெருநெடுஞ்சாலைகளுக்கான சட்டத்தில் கையெழுத்திட்டார்.

பிற்காலம்

பட் பர்லிங்டனில் ஜாக்சன் குடும்பத்தின் வளர்ப்பு நாயாக எஞ்சிய காலத்தைக் கழித்தது. ஜாக்சன் முதல் உலகப்போரில் ராணுவ மருத்துவராகப் பணியாற்றி உயர்ந்த வீரப்பதக்கம் பெற்றார். அமெரிக்கன் லீஜன் என்னும் முன்னாள் படைவீரர் அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவர். பர்லிங்டனில் செய்தித்தாள் நடத்தினார். வெர்மான்ட் மாநில ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றார். ஜனவரி 14, 1955-ல் மறைந்தார்.

விண்டன் நிறுவனம் 1924-ல் கார் தயாரிப்பை நிறுத்தியது. ஜாக்சன் 1944-ல் வெர்மான்ட் காரையும், செய்தித் துணுக்குகளின் தொகுப்பையும், பட் அணிந்த கண்ணாடியையும் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குக் கொடுத்தார். வாஷிங்டனில் உள்ள அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் அந்தக் கார் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. கண்ணாடி அணிந்த பட்டின் உருவமும் அதில் அமர்ந்துள்ளது. பயணத்தின் நூற்றாண்டான 2003-ல் கென் பர்ன்ஸ் இயக்கிய ‘ஹொரேஷியோஸ் டிரைவ்’ என்ற ஆவணப்படம் வெளியானது.

நாயுடன் அமெரிக்காவைச் சுற்றும் பயணம் பின்னர் இலக்கியத்திலும் இடம்பெற்றது. எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் 1960-ல் சார்லி என்ற தன் பூடில் நாயுடன் ஒரு வண்டியில் நாட்டைச் சுற்றிவந்து, 1962-ல் அதைப் பற்றி நூல் எழுதினார். அப்போது சாலைகள் நாடெங்கும் இருந்தன. ஜாக்சனுக்குப் பாதையைக் கண்டுபிடிப்பதே வேலையாக இருந்தது. ஸ்டைன்பெக்குக்கு மக்களைக் கண்டறிவது நோக்கமாக இருந்தது.

வரலாற்று இடம்

ஜாக்சனின் பயணம் தொழில்நுட்பச் சாதனை என்ற அளவில் சில வாரங்களிலேயே கடக்கப்பட்டது. அதன் இடம் வேறொன்றில் உள்ளது. நிறுவனத்தின் ஆதரவின்றி, கார்த் துறையைச் சேராத ஒருவர் விலைக்கு வாங்கிய காரில் தன் விருப்பப்படி வழியைத் தேர்ந்து நாட்டைக் கடக்க முடியும் என்பதை அது காட்டியது. கால அட்டவணையும் தண்டவாளமும் வகுத்த பயணத்துக்கு வெளியே ஒரு பயண முறை உண்டு என்பதைச் சிற்றூர் மக்கள் நேரில் பார்த்தனர். அவர்களில் பலருக்கு அதுவே முதலில் கண்ட கார்.

இப்பயணத்தின் நினைவில் ஒரு சமனின்மையும் உண்டு. வரலாற்றில் ஜாக்சனின் பெயர் நிலைத்தது. மக்களின் நினைவில் பட்டின் முகம் நிலைத்தது. காரைத் தேர்ந்தெடுத்தவர், கயிற்றையும் புல் அறுக்கும் இயந்திரத்தின் பேரிங்கையும் கொண்டு அதை ஓடவைத்தவர் க்ராக்கர். அவர் 1913-ல், நாற்பது வயதை எட்டும் முன்பே மறைந்தார். பயணத்தை நினைவுகூரும் குறிப்புகளில் க்ராக்கரின் பெயர் பெரும்பாலும் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. ஆனால் க்ராக்கர் இல்லையென்றால் வெர்மான்ட் ஒரிகான் மாநிலத்தைக்கூடத் தாண்டியிருக்காது என்பதை ஜாக்சனின் கடிதங்கள் சொல்லும் பழுதுகளின் பட்டியலே காட்டுகிறது.